முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: எந்தத் தோட்டா, எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவில் வந்து தங்கி, நண்பர்களோடு நாலைந்து முறை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்ற கட்டத்துக்கு வந்திருக்கும் தமிழர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது டெக்சாஸில். காகித இலக்கைச் சுடுவதும் காட்டுப்பன்றி வேட்டையும் என் பொழுதுபோக்கு. பதில்களில் என் சாய்வு தெரியும். விலைகள் எல்லாம் குத்துமதிப்பு. சட்டம் சம்பந்தப்பட்டவற்றை வாங்கும் நாளன்று உங்கள் மாநிலத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலிபரை முடிவு செய்வதா, துப்பாக்கியையா?

இரண்டுக்கும் முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள். எங்கே நின்று, எதைச் சுடப்போகிறீர்கள்? அது தெரிந்துவிட்டால் காலிபர், அதாவது தோட்டாவின் அளவு, பாதி முடிவாகிவிடும். காலிபர் முடிவானால் துப்பாக்கி தானாக வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் ஒரு துப்பாக்கியின் தோற்றத்தில் மயங்கி வாங்கிவிட்டு, அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பிறகு தேடுகிறார்கள்.

இடம் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு மான் வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் மானை ரைஃபிளால் சுடவே அனுமதி இல்லை. ஷாட்கன், குழல் வாயில் வெடிமருந்தை இடித்து நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கி, வில் ஆகியவைதான். பக்கத்து பென்சில்வேனியாவில் மானுக்கு ரைஃபிள் சரி, ஆனால் செமி ஆட்டோ கூடாது. ஒஹாயோவில் உறை நேராக இருக்கும் தோட்டாக்கள் மட்டுமே செல்லும்; .223, .308 போலக் கழுத்து ஒடுங்கிய தோட்டா எதுவும் மானுக்கு உதவாது. டெக்சாஸில் சென்டர்ஃபயர் (உறையின் அடி நடுவில் தட்டி வெடிக்கும்) தோட்டா எதுவானாலும் சரி. ஆக, ஏஆர்-15 என்கிற ஒரே செமி ஆட்டோ ரைஃபிள் ஒருவருக்கு வேட்டைத் துப்பாக்கி, நியூஜெர்சி எடிசனில் இருக்கும் அவருடைய மைத்துனருக்கு வெறும் ரேஞ்ச் துப்பாக்கி.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையைப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்குமா?

இல்லை. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். காலி உறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையை மட்டும் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். அடுத்ததைச் சுட விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். பிடித்தால் பொழிவது ராணுவ வகை. ஏஆர் என்பது அதை உருவாக்கிய ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

எச்1பி-யில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. மத்தியச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. எச்1பி, எச்4, எஃப்1, எல்1, பி2 எல்லாம் இதில் அடங்கும். விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தடை விலகும். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இதற்குத் தனிக் கேள்வி உண்டு. ஆனால் மத்தியச் சட்டம் விட்டாலும் மாநிலச் சட்டம் பிடித்துக்கொள்ளலாம். பல கடைக்காரர்களுக்கு இந்த விதிவிலக்கு சரியாகத் தெரியாது. தெரிந்தவர்களும் வம்பு எதற்கு என்று மறுத்துவிடுவார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வந்த அப்பாவை ரேஞ்சுக்கு அழைத்துப்போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறோம் இல்லையா? சொந்தமாக வாங்கவில்லையே என்பது வாதமாகாது. கையில் வைத்திருப்பதே சட்டத்தின் கண்ணில் உடைமை. விசிட்டர் விசாக்காரருக்கும் அந்த வேட்டை உரிமம் வேண்டும். கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் குடும்பம் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கவே கூடாது.

என் மாநிலத்தில் ஏஆர்-15 கிடைக்குமா?

டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா போன்ற இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக் கூடு) உள்ள சென்டர்ஃபயர் செமி ஆட்டோ ரைஃபிளில் பிஸ்டல் பிடி, தோளில் பதியும் கட்டை நீட்டிக் குறுக்கும் வகை, தீப்பொறி மறைப்பான் போன்ற அம்சங்கள் இருக்கக் கூடாது. அதனால் அங்கே மீன் துடுப்பு போல ஒரு தகட்டைப் பிடியில் பொருத்தி, கட்டை விரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி செய்து விற்கிறார்கள். பிடிக்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் சுடும். நியூயார்க் 2013-லிருந்தே கடுமை. 2022-லிருந்து செமி ஆட்டோ ரைஃபிள் வாங்கவே தனி உரிமம் வேண்டும். இல்லினாய், வாஷிங்டன் இரண்டிலும் 2023-ல் விற்பனைத் தடை வந்தது. நியூஜெர்சியில் உள்ளூர் போலீஸ் மூலம் அடையாள அட்டை வாங்காமல் எதுவும் நடக்காது; மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கொலராடோவில் 15 வரை.

வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப்போகும் எண்ணம் இருந்தால் அந்த மாநிலத்தின் சட்டத்தையும் இப்போதே பாருங்கள். டல்லாஸிலிருந்து சான் ஹோசேக்கு வீட்டுச் சாமானோடு சாமானாக இதையும் லாரியில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. கனடாவில் ஏஆர்-15 உட்படச் சுமார் 1,500 மாடல்களை 2020 மே 1-ஆம் தேதி ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். டொரொண்டோ உறவினர் வீட்டுக்குக் காரில் போகும்போது டிக்கியில் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் .223 என்கிறார்கள், சிலர் 5.56 என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

வெளியே அளந்தால் ஒன்றேதான். இரண்டும் ஒரே அறையில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், அதனால்தான் குழப்பம். வித்தியாசம் அறைக்கு முன்னால், குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் குழலில் தொடங்கும் இடத்தில். 5.56 நேட்டோ குழலில் குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி) வரிப்பள்ளத்தைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் கூடுதல் ஓட்டம் விட்டிருப்பார்கள். .223 ரெமிங்டன் குழலில் அந்த இடைவெளி குறைவு. 5.56 தோட்டாவை .223 அறையில் வெடித்தால் அழுத்தம் அனுமதித்த அளவைத் தாண்டலாம். .223 தோட்டாவை 5.56 அறையில் சுடுவதில் பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் நடுவில் .223 வைல்ட் என்று ஓர் அறை இருக்கிறது. இரண்டு தோட்டாவையும் ஏற்கும், துல்லியமும் நன்றாக வரும்.

இதைத் தெரிந்துகொள்ள விற்பவரின் வார்த்தை வேண்டாம். குழலின் மேலேயே பொறித்திருக்கும். வாயிலிருந்து பின்னால் வரும்போது, முன் சைட்டுக்கு அருகிலோ கைப்பிடி உறைக்கு அடியிலோ சின்ன எழுத்தில் "5.56 நேட்டோ 1:7" என்கிற மாதிரி இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த ஒரு வரியில் அறை என்ன, வரிப்பள்ளத்தின் சுழற்சி என்ன என்ற இரண்டு தகவலும் கிடைத்துவிடும்.

1:7, 1:8, 1:9 என்பதெல்லாம் என்ன?

குண்டு குழலுக்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கிறது என்ற கணக்கு. எண் சிறியதாக இருந்தால் சுழற்சி வேகம் அதிகம். எடை கூடிய நீளமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும். ஏஆர்-15-இன் ராணுவ வடிவமான வியட்நாம் காலத்து எம்16-இல் 1:12. 55 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுக்கு அது போதும். இன்றைய 77 கிரெயின் குண்டை அதில் சுட்டால் காற்றில் தள்ளாடி, காகிதத்தில் வட்டமான துளைக்குப் பதிலாகக் குறுக்குவாட்டில் நீள ஓட்டை விழும். இப்போது வாங்குகிறவர்கள் 1:8 எடுத்தால் 55 முதல் 77 வரை எல்லாம் ஓடும். அதற்கு மேல் இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் துப்பாக்கியாக .22 வாங்கச் சொல்கிறார்களே, பொம்மை மாதிரி இல்லையா?

பொம்மை இல்லை. உயிரை எடுக்கும் துப்பாக்கிதான். ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ரூகர் 10/22, 1964-லிருந்து வருகிறது. 10 தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் துப்பாக்கியின் அடிவயிற்றோடு சமமாக உட்கார்ந்துவிடும். விலை 300, 400 டாலர். தோட்டா ஒன்று 10 சென்ட் அக்கம்பக்கம். .223 ஒன்று அரை டாலர், .308 ஒன்று ஒரு டாலர் என்று வைத்துப் பாருங்கள். ஒரு மதியத்தில் 200 தோட்டா சுட்டால் .22-க்கு 20 டாலர், .308-க்கு 200 டாலர்.

பணத்தைவிட முக்கியமானது உதை. .22-இல் உதையே இல்லை என்று சொல்லலாம். பெரிய காலிபரில் தொடங்குகிறவர்கள் வெடிச் சத்தத்துக்கும் தோள் அடிக்கும் பயந்து, விசையை இழுக்கும் அந்த நொடியில் கண்ணை மூடி முன்னால் சாய்வார்கள். குண்டு கீழே இடப்பக்கம் போகும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுக்க மாதக்கணக்காகும். ஏஆர் போலவே பிடியும் பொத்தான்களும் வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம்அண்ட்பி 15-22 இருக்கிறது. இலக்குச் சுடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் பலருக்கு இதுவே கடைசித் துப்பாக்கியாகவும் இருந்துவிடலாம். ஆனால் டெக்சாஸிலும் வெள்ளைவால் மானுக்கு .22 போன்ற ரிம்ஃபயர் (உறையின் விளிம்பில் தட்டி வெடிக்கும் தோட்டா) கூடாது.

ஏகே தோட்டா மலிவு, துப்பாக்கியும் மாட்டாது என்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா?

மலிவு என்பது பழைய கதை. ரஷ்யாவிலிருந்து வந்த எஃகு உறை தோட்டாதான் ஏகே சுடும் 7.62×39 காலிபரை மலிவாக வைத்திருந்தது. 2021-ல் அமெரிக்கா ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. விலை .223-க்குச் சமமாகவோ கூடவோ வந்துவிட்டது. கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் துப்பாக்கிகளே 2014-லிருந்து வருவதில்லை. இங்கே கிடைப்பவை செர்பியா, ருமேனியா தயாரிப்புகளும் உள்ளூர்த் தயாரிப்புகளும். உள்ளூர்க்காரர்களில் சிலர் முக்கியமான பாகங்களை வார்ப்பில் செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மாட்டாது" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1965, 66-ல் வியட்நாமில் எம்16-கள் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்டன. காரணம் அதை உருவாக்கிய ஸ்டோனரின் வடிவமைப்பு மட்டுமல்ல. அவர் நினைத்திருந்த வெடிமருந்தை மாற்றி வேறு வகை வெடிமருந்து போட்டார்கள், அதனால் துப்பாக்கி வேகமாக இயங்கியது, கரியும் அதிகம் படிந்தது. அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, ஈரத்தில் துருப்பிடித்தது. இது தானே சுத்தமாகிக்கொள்ளும் என்ற நினைப்பில் பல படைப்பிரிவுகளுக்குத் துடைக்கும் சாமான்கூடக் கொடுக்கவில்லை. பிறகு குரோம் பூசி, சாமான் கொடுத்து, சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்ததும் புகார்கள் அடங்கின. அறுபது வருடப் பழியை இன்றைய ஏஆர் மேல் சுமத்துவது நியாயமில்லை. எண்ணெய் விட்டு நல்ல மேகசின் போட்டால் ஓடும்.

ஏகே-யின் தோட்டா 123 கிரெயின், நொடிக்குச் சுமார் 2,350 அடி. 150 யார்டுக்குள் பன்றிக்கும் மானுக்கும் நன்றாகப் போதும். ஆனால் குறியை 100 யார்டில் நேராக்கி வைத்தால் 300 யார்டில் இரண்டு அடி கீழே விழும்; .223 சுமார் ஒரு அடிதான். ஸ்கோப் பொருத்துவதும் ஏகே-யில் தலைவலி. பிடித்து வாங்குகிறவரைத் தடுக்க மாட்டேன். முதல் துப்பாக்கியாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

300 பிளாக்அவுட் பற்றி ஒரே பேச்சாக இருக்கிறதே?

நல்ல தோட்டா, ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. .223 உறையை வெட்டிக் குட்டையாக்கி அதில் .30 குண்டைப் பொருத்தியது. 2011-ல் முறைப்படி தரநிலை பெற்றது. ஏஆர்-15-இன் போல்ட்டும் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) மேகசினும் அப்படியே பொருந்தும், குழலை மட்டும் மாற்றினால் போதும். 220 கிரெயின் போன்ற கனமான குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால், சட்டப்படி பதிவு செய்த சப்ரஸரோடு சுடும்போது சத்தம் அடங்கியிருக்கும். இரவில் பன்றிக் கூட்டத்தைத் தேடுகிறவர்கள் இதைக் கொண்டாடுவது அதனால்தான்.

இப்போது அதன் ஆபத்து. மேகசின் ஒன்று, போல்ட் ஒன்று என்பதால், 300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கிக்குள்ளும் ஏறிவிடும். குண்டு உறைக்குள் கொஞ்சம் அமுங்கி, போல்ட் பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். விசையை இழுத்தால் .30 குண்டு .22 அளவுக் குழலுக்குள் நுழைய முடியாமல் துப்பாக்கி கையிலேயே சிதறும். இப்படிச் சிதறிய துப்பாக்கிகளின் படங்களைத் தேடினால் கிடைக்கும். மேல்பாகம் வாழைத் தோல் மாதிரி பிளந்து கிடக்கும். இரண்டு காலிபரும் வைத்திருந்தால் மேகசினுக்கு வேறு நிறம், டப்பாவுக்கு வேறு நிறம், ஒரே நாளில் இரண்டையும் ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதிருத்தல். இந்த ஒழுங்கு உங்களிடம் இல்லையென்றால் இந்தக் காலிபர் வேண்டாம்.

பெரிதாகவே வாங்கிவிடலாமே? .308 இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகுமல்லவா?

ஆகும். தோளும் பர்ஸும் ஒத்துழைத்தால். .308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. அதன் ராணுவ உடன்பிறப்பு 7.62×51 நேட்டோ. 150 கிரெயின் குண்டு நொடிக்கு 2,800 அடி, குழல் வாயில் சுமார் 2,600 அடி-பவுண்டு ஆற்றல். .223-இல் 55 கிரெயின், 3,200 அடி, 1,300-க்குக் கீழே. ஆற்றல் இரண்டு மடங்கு, ஆனால் உதை நான்கு மடங்குக்குக் குறையாது. துப்பாக்கி எட்டு, ஒன்பது பவுண்டு. ஸ்கோப்பும் நிறைந்த மேகசினும் சேர்ந்தால் பதினொன்று. மதியம் முழுக்க நின்றபடி சுட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு விஷயம், கடையில் யாரும் முந்திச் சொல்ல மாட்டார்கள். ஏஆர்-15-இன் உதிரிபாகங்கள் பெரும்பாலும் எந்தக் கம்பெனியுடையதும் எதிலும் பொருந்தும். ஏஆர்-10 என்று பொதுவாகச் சொல்லப்படும் .308 துப்பாக்கிகளுக்கு அப்படி ஒரு பொது அளவு இல்லை. ஆர்மலைட் வழி ஒன்று, டிபிஎம்எஸ் வழி இன்னொன்று; மேகசின்கூட மாறும். குழல் தேய்ந்து புதிது வாங்கும்போதுதான் இந்த வலி தெரியும்.

6.5 கிரீட்மோர் இதே துப்பாக்கியில் வரும். ஹார்னடி 2007-ல் கொண்டுவந்தது. 140 கிரெயின் நீளக் குண்டு காற்றை நன்றாகக் கிழித்துப் போவதால் 600 யார்டுக்கு மேல் .308-ஐ விட எளிது, உதையும் குறைவு. குழல் கொஞ்சம் சீக்கிரம் தேயும். உங்களுக்கு 600 யார்டு ரேஞ்ச் அருகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான நகரத்து ரேஞ்சுகளில் 25 யார்டோடு சுவர் வந்துவிடும், கொஞ்சம் வெளியே போனால் 100.

.223-ஆல் மானைச் சுடலாமா?

சட்டமும் மனசாட்சியும் தனித்தனிக் கேள்விகள். கொலராடோவில் .24-க்குக் குறைந்த விட்டம் கூடாது, வர்ஜீனியாவில்.23. ஆக இரண்டிலும் .223 அடிபட்டுப்போகும். டெக்சாஸில் சட்டம் தடுக்காது. நல்ல விரியும் குண்டைப் போட்டு, 100 யார்டுக்குள், பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குப் பின்னால் வைக்க முடிந்தவருக்கு அது போதும். முதல் வருட வேட்டைக்காரருக்கு வேண்டாம் என்பேன். ரேஞ்சில் சுடும் முழு உலோக உறைக் குண்டு வேட்டைக்கு ஆகவே ஆகாது; விரியாமல் ஊடுருவி, விலங்கு அடிபட்டு ஓடி எங்கோ போய்ச் சாகும்.

ஏஆர்-15-ஐ விட மனமில்லை, மானுக்கும் வேண்டும் என்றால் 6.5 கிரெண்டல். 123 கிரெயின், 2,500 அடி. குழலும் போல்ட்டும் மேகசினும் மாறும், மற்றதெல்லாம் அதே. ஒஹாயோக்காரர்களுக்கு உறை நேராக இருக்கும், வின்செஸ்டர் 2019-ல் விட்ட .350 லெஜண்ட், இல்லாவிட்டால் .450 புஷ்மாஸ்டர். 6 எம்எம் ஏஆர்சி, .224 வால்கிரி, 6.8 எஸ்பிசி என்று இன்னும் பட்டியல் நீளும். அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பக்கத்துக் கடையின் அலமாரியில் அந்தத் தோட்டா இருக்கிறதா? 2020-ல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது புழக்கம் குறைந்த காலிபர்காரர்கள் துப்பாக்கியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏஆர், ஏகே தவிர வேறு வழியே இல்லையா?

நிறைய இருக்கிறது. ரூகர் மினி-14, .223-ஐயே மரக்கட்டையோடு சுடும். பிஸ்டல் பிடி இல்லாத மாடல் என்பதால் கெடுபிடி மாநிலங்கள் சிலவற்றில் இன்னும் கிடைக்கிறது. துல்லியத்தில் ஏஆர்-ஐ எட்டாது, மேகசின் விலை அதிகம். பிரௌனிங் பிஏஆர் (BAR), பார்க்க முழு வேட்டைத் துப்பாக்கி; .308, .30-06 எல்லாம் வரும், உதையைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

எம்1 கேரண்ட் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1936-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. .30-06, எட்டுத் தோட்டாவை ஓர் இரும்புக் கிளிப்போடு சேர்த்து மேலிருந்து அழுத்த வேண்டும்; அழுத்தியதும் போல்ட் பாய்ந்து வரும், கட்டை விரலை எடுக்காவிட்டால் நகம் கறுக்கும். இன்றைய சக்திவாய்ந்த வேட்டைத் தோட்டாக்களை இதில் போட்டால் இயக்கும் தண்டு வளைந்துவிடலாம், கேரண்டுக்கென்று தயாரித்தவையே வேண்டும். ராணுவக் கையிருப்பை விற்கும் சிஎம்பி அமைப்பிடம் வாங்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டுக்காரர்கள் கடையில்தான் தேட வேண்டும்.

ஏஆர்-15 என்றே முடிவு செய்தால் எதைப் பார்த்து வாங்குவது?

16 அங்குலக் குழல். அதற்குக் கீழே போனால் அது மத்தியச் சட்டத்தில் குறுங்குழல் ரைஃபிள். 1934 சட்டத்தின்கீழ் பதிவு செய்யாமல் வைத்திருப்பது பெருங்குற்றம். 20 அங்குலத்திலிருந்து 16-க்கு வரும்போது நொடிக்கு நூறு, நூற்றைம்பது அடி வேகம் குறையும், காகிதத்துக்கு அது தெரியாது.

வெடிமருந்தின் வாயுவைக் கொண்டுவந்து துப்பாக்கியை இயக்கும் வாயுக் குழாய் நடுத்தர நீளம், அதாவது மிட்-லெங்த். குழலிலிருந்து வாயு எவ்வளவு முன்னால் எடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் தணிந்து வரும். 16 அங்குலத்தில், இதைவிடக் குட்டையான கார்பைன் நீளத்தைவிட இது மென்மையாக இயங்கும், பாகங்களும் நாள்பட வரும். பிஸ்டன் வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. சப்ரஸர் போட்டு நிறையச் சுடுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை. மற்றபடி 700, 800 டாலர் துப்பாக்கிக்கும் 2,000 டாலர் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடக்கத்தில் உங்களால் உணர முடியாது. மிச்சமாகும் பணத்தில் ஆயிரம் தோட்டா, ஒரு நல்ல ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவி), ஒரு நாள் பயிற்சி வகுப்பு.

ரேஞ்சில் என் தோட்டாவைத் திருப்பி அனுப்பினார்களே, ஏன்?

காந்தம். உள்ளரங்க ரேஞ்சுகளில் கவுண்டரில் இருப்பவர் உங்கள் டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, கயிற்றில் கட்டிய காந்தத்தைக் குண்டின் நுனியில் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் குண்டில் எஃகு இருக்கிறது. எஃகு, பின்சுவரின் தகட்டைக் குழியாக்கும், பொறி கிளப்பும். நுனியில் பச்சை பூசிய 5.56, அதாவது எம்855, இதில்தான் மாட்டும். உறை எஃகாக இருந்தாலும் சில இடங்களில் வேண்டாம் என்பார்கள். மொத்தமாக வாங்கும் முன் ரேஞ்சின் விதியைக் கேளுங்கள். காதுக்கு அடைப்பானும் மேலே கவசமும் இரண்டும் போடுங்கள், உள்ளரங்கில்.223-இன் ஒரே வெடிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். சுட்டு முடித்ததும் கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள், ஈயத் தூள்.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்கலாமா?

அப்பார்ட்மெண்டில் இருக்கிறவர்களிடம் நான் சொல்வது: ஜிப்சம் சுவர் எந்த ரைஃபிள் குண்டையும் நிறுத்தாது. பக்கத்து வீட்டுத் தொட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா? வேகமான மெல்லிய .223 குண்டு கனமான .308-ஐ விடச் சீக்கிரம் உடையும் என்பது உண்மை, ஆனால் நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வளர்ந்த பிள்ளையோ மன உளைச்சலில் இருப்பவரோ வீட்டில் இருந்தால் இரும்புப் பெட்டியைத் துப்பாக்கிக்கு முன்னால் வாங்குங்கள். எண் யாருக்கும் தெரியக் கூடாது. பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். தோட்டா வேறு பெட்டியில். வீட்டில் யாராவது கடினமான காலத்தில் இருந்தால் கொஞ்ச நாள் துப்பாக்கியை வெளியே வைக்கலாம். சில கடைகள் பாதுகாத்துக் கொடுக்கின்றன.

ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?

நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம். சாதாரண உரிமத்தில் இந்த வகை ரைஃபிளுக்கு இடமே இல்லை. துப்பாக்கியை யாரும் கொண்டுபோகப் போவதில்லை, அது தெரியும். மாட்டுவது தோட்டா. ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப் பையைத் துவைத்து ஊர்ப் பயணத்துக்கு எடுக்கிறோம். பக்கவாட்டு ஜிப்புக்குள், தையல் ஓரத்தில் ஒரே ஒரு .22 கிடந்தாலும் இந்திய விமான நிலைய ஸ்கேனில் தெரிந்துவிடும். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் உயர் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்வதுண்டு. தில்லியில் அப்படிப் பல தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், விடுப்பும் தீர்ந்திருக்கும், வக்கீல் செலவு துப்பாக்கி விலையைத் தாண்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று ஒரு பை வாங்கி, அதைக் கராஜிலேயே மாட்டி வையுங்கள். ஜீன்ஸ் பாக்கெட்டுகளையும் பாருங்கள், காலி உறை உட்பட.